வேலிக்கும் தாழ்வாரத்துக்கும் முப்பத்தெட்டு மீட்டர்

சான் ஹெர்வாசியோ மேடு, கோஸ்டா ரிக்கா
14 ஜனவரி 1991

திருமதி ஓதிலியா உமான்யா அவர்களுக்கு,

1. இதை எழுதுபவன் எலாதியோ உமான்யா கஸ்காந்தே. வயது அறுபத்து மூன்று, மனைவியை இழந்தவன், முப்பத்தாறு ஆண்டுகளாக வழக்கறிஞர், நோட்டரி, இம்மேட்டின் கீழ்ச்சரிவில் உள்ள காப்பித் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் உரிமையாளன். இக்கடிதம் யாருக்கு எழுதப்படுகிறதோ அவருக்கு உடன்பிறந்த தம்பியும் ஆவான். இந்தக் கடைசி விவரம் பிரச்சினைக்குத் தொடர்பற்றது, முழுமைக்காகச் சேர்க்கப்படுகிறது.

2. சென்ற ஜனவரி 9, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி அளவில் தாங்கள் என் வேலிக்கதவைத் திறந்து உள்ளே வந்தீர்கள். தங்களை நான் அழைத்திருக்கவில்லை. அன்று மட்டுமல்ல, நான்கு ஆண்டுகளாகவே அழைக்கவில்லை.

3. அறுவடைக் காலத்தில் காப்பிப் பழம் திருடு போகாமலிருக்க நான் வளர்க்கும் ஃபிஸ்கால் என்னும் நாய், உள்ளே வந்த தங்களை வலது முன்கையில் கடித்தது. காயம் ஆழமானது எனக் கேள்விப்பட்டேன். வருந்துகிறேன். வருத்தம் தெரிவிப்பது பொறுப்பை ஏற்பதாகாது.

4. வேலிக்கதவில் 'கடிக்கும் நாய்' என்ற பலகை, வாசிக்கத் தக்க எழுத்தில், கண் மட்டத்தில் உள்ளது.

5. நாய் விளைவிக்கும் தீங்குக்கு அதை வைத்திருப்பவன் பொறுப்பு என்பது பொது விதி. ஆனால் எச்சரிக்கையை மீறி, அழைப்பின்றி, தனியார் நிலத்துக்குள் நுழைந்தவர் தம் துன்பத்தைத் தாமே வருவித்துக்கொள்கிறார். அத்துமீறி நுழைந்தவருக்குக் காவல் நாயின் உரிமையாளன் பொறுப்பாக மாட்டான் என்பதே என் கருத்து.

6. நாய்க்குத் தடுப்பூசி போட்ட சான்றிதழின் நகல் இத்துடன் உள்ளது. பத்து நாள் கட்டிவைத்துக் கண்காணிக்கிறேன்.

7. இனி எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். வில்பெர்த்தின் மளிகைக்கடையில் கொடுத்தால் எனக்குக் கிடைக்கும். என் வேலியருகே வர வேண்டாம்.

எலாதியோ உமான்யா


மேல்சரிவு
17 ஜனவரி

எலாதியோ,

எழுத்து கோணலாக இருந்தால் உன் நாயைக் கேள். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் பதினான்கு தையல். தைத்த டாக்டர் சின்னப் பையன், என் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டு விரலு இனிமே மடங்குமான்னு எனக்கே சொல்லத் தெரியலம்மா" என்றான். இந்த மேட்டில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒன்பது நாள் ஜெபம் சொல்லக் கூப்பிடுவது என்னைத்தான். ஜெபமாலையின் மணியைத் தள்ள இப்போது கட்டைவிரல் மட்டும் இருக்கிறது.

உடன்பிறந்த தம்பி என்பது தொடர்பற்ற விவரமா? நீ பிறந்தபோது எனக்கு ஏழு வயது. உன் பீத்துணியை ஓடையில் அலசியவள் நான். தொடர்பற்றது என்று அன்றே தெரிந்திருந்தால் ஓடையோடு விட்டிருப்பேன்.

பலகையைப் பற்றி எழுதியிருக்கிறாய். நாயே இல்லாத ஒன்பது வீடுகளில் அதே பலகை தொங்குகிறது. வில்பெர்த்தின் கடையிலும் தொங்குகிறது. அங்கே இருப்பது ஒரு கிளி.

நான் திருட்டுத்தனமாக நுழையவில்லை. வேலியில் நின்று "ஊப்பே!" என்று கூப்பிட்டேன், ஊரில் எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் கூப்பிடுவது போல. ஒரு முறை அல்ல, மூன்று முறை. மூன்றுக்கும் பதில் இல்லை, கதவிலும் தாழ்ப்பாள் இல்லை என்றால், தாழ்வாரம் வரை போய்ப் பார்ப்பதுதான் மனிதத்தனம் என்று இங்கே பிறந்த கழுதைக்கும் தெரியும். உள்ளே யாராவது விழுந்து கிடக்கலாம். எர்லிந்தா அடுப்படியில் விழுந்து கிடந்த அன்று மூன்று முறை கூப்பிட்டுப் பதில் வராமல் உள்ளே வந்து பார்த்தவள் யார்? அன்றைக்கு உன் மனைவியை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டவள் அத்துமீறி நுழைந்தவளா?

இன்னொன்று. நாய் கையைப் பிடித்ததும் அலறினேன். அப்போதுதான் உன் குரல் வந்தது. "விடு!" ஒரே சொல். நாய் உடனே விட்டது. ஆகவே நீ வீட்டில்தான் இருந்தாய்.

உன் பணம் எனக்கு வேண்டாம். 'தவறு என்னுடையது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. தராவிட்டால் அந்த வரியை நீதிபதியிடம் வாங்கிக்கொள்வேன்.

ஓதிலியா


சான் ஹெர்வாசியோ மேடு
21 ஜனவரி

மதிப்புக்குரிய அம்மையீர்,

தங்கள் 17ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. உணர்ச்சி சார்ந்த பகுதிகளை விலக்கி, சட்டம் சார்ந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

தாங்கள் கூப்பிட்டீர்கள் என்பதை நான் மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. வேலிக்கதவிலிருந்து என் தாழ்வாரத்தின் முதல் தூண் வரை நேற்று நாடா பிடித்து அளந்தேன். முப்பத்தெட்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். இடையில் இரண்டு வரிசை வாழை. அறுவடை நாள்; பறிக்க வந்தவர்களின் ரேடியோ அன்று பாடியது. வேலியில் எழுந்த ஒலி தாழ்வாரத்தை அடைந்தது என்பதற்குத் தங்களிடம் சான்று இல்லை.

அடைந்தது என்றே வைத்துக்கொண்டாலும், பழக்கம் வேறு, உரிமை வேறு. பதில் சொல்லாமலிருப்பது அனுமதி ஆகாது. தாழ்ப்பாள் இல்லாத கதவு திறந்த கதவாகவும் ஆகாது. பறிப்பவர்கள் போய்வருவதற்காக அதைப் போடாமல் விட்டிருந்தேன்.

எர்லிந்தாவின் பெயரை இதில் இழுத்தது பண்பற்ற செயல். அன்று தாங்கள் செய்ததற்கு அன்றே நன்றி சொன்னேன். அந்த நன்றி காலவரையற்ற நுழைவுச்சீட்டு அல்ல.

ஒரு கேள்விக்குத் தாங்கள் இன்னும் பதில் தரவில்லை. எந்த நோக்கத்தோடு வந்தீர்கள்? நோக்கம் இவ்வழக்கில் முக்கியமானது. நான்கு ஆண்டுகளுக்கு முன், அம்மாவின் நிலத்தைப் பாகப்பிரிவினைப் பத்திரப்படி பிரித்து என் பங்கின் குறுக்கே சென்ற ஒற்றையடிப் பாதையை நான் அடைத்தபோது, ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கிய ஊரார் முன்னால் என்னை 'வழித்திருடன்' என்றீர்கள். அதையே இம்முறை என் வீட்டு முற்றத்தில் நின்று சொல்ல வந்தீர்கள் என்று நான் கருத இடமுண்டு. அவ்வாறெனில் தங்கள் நிலை மேலும் பலவீனமாகும்.

எ. உமான்யா


மேல்சரிவு
24 ஜனவரி

எலாதியோ,

வழக்குப் போட்டுவிட்டேன். நீதிமன்ற எழுத்தர் என் எழுத்தைப் படிக்கத் திணறி, "இது என்னம்மா, கோழி நடந்த மாதிரி இருக்கு" என்றான். "நாய் நடந்தது" என்றேன்.

உன் கடிதத்தை வாங்க வில்பெர்த்தின் கடைக்குப் போனபோது நடந்ததையும் எழுதுகிறேன், சான்று கேட்டாயே.

வில்பெர்த் உறையைக் கையில் வைத்துக்கொண்டே, "ஓதிலியாக்கா, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நடந்தா நாலு நிமிஷம். நீங்க ரெண்டு பேரும் நேர்ல பேசித் தொலைச்சா எனக்குத் தபாலாபீசு வேலை மிச்சம்" என்றான்.

"அவன்கிட்ட நேர்ல பேசப் போய்த்தான்டா இந்தக் கட்டு" என்றேன்.

அங்கே மெலானியா உப்பு வாங்க வந்திருந்தாள். உன் தோட்டத்தில் எட்டாவது அறுவடையாகப் பழம் பறிப்பவள், உனக்கு வேண்டாதவள் அல்ல. நான் கேட்காமலே சொன்னாள்.

"அன்னிக்கு நான் வேலியோரம் மூணாவது வரிசையில கூடையை இடுப்புல கட்டிக்கிட்டு நின்னேன். அக்கா கூப்பிட்டது மூணு தடவை. எதிர் மலையில மேயுற மாடுகூட நிமிந்து பாத்துச்சு."

"அன்னிக்கு ரேடியோ பாடுச்சுன்னு இதைக் கொடுக்கறப்ப அவரு சொன்னாரே?" என்றான் வில்பெர்த்.

"பாட்டெல்லாம் காலையோட சரி. அதுல பேட்டரி செத்துப் போச்சு."

பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேன், அய்யாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அந்த நாய் நல்ல நாய். தினம் காலையில நாங்க வேலியில நின்னு கூப்பிடுவோம். அய்யா 'வாங்க'ம்பாரு. உடனே அது படுத்துக்கும், குட்டி மாதிரி. அவரு அப்படித்தான் பழக்கி வெச்சிருக்காரு. அவரு வாயைத் திறக்கலேன்னாத்தான்..."

முடிக்கவில்லை. உப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சொல்லாதே என்றதை நான் எழுதுவது பாவம்தான். வேலையை விட்டு நீக்கினாயானால் அதையும் ஊருக்குச் சொல்வேன்.

முப்பத்தெட்டு மீட்டராம். அம்மா ஓடைக்கரையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் இருநூறு மீட்டருக்கு அப்பால் பள்ளத்திலிருந்து முதலில் ஓடி வருபவன் நீ.

எதற்கு வந்தேன் என்று இப்போது கேட்கிறாய். அதைக் கேட்க ஒரு நேரம் இருந்தது. நான் வேலியில் நின்றுகொண்டிருந்தேன். நீ கேட்கவில்லை. இனி நான் சொல்ல மாட்டேன்.

ஓதிலியா


சான் ஹெர்வாசியோ மேடு
27 ஜனவரி

மதிப்புக்குரிய அம்மையீர்,

நீதிமன்ற அழைப்பாணை கிடைத்தது. விசாரணை பிப்ரவரி 6. தங்களுக்கு வழக்கறிஞர் இல்லை என அறிகிறேன். ஆதலால், எதிர்த்தரப்பாக இருந்தும், அங்கு நிகழப்போவதைச் சொல்லிவிடுவது நியாயம்.

பலகையின் படம் காட்டப்படும். அழைப்பில்லாமல் வந்ததைத் தாங்களே ஒப்புக்கொள்வீர்கள். மெலானியா வேலியருகே நின்றவள். வேலியருகே கேட்டது என்று மட்டுமே அவளால் சொல்ல முடியும். நாய் பழக்கப்பட்டது என்பது என் கவனத்துக்குச் சான்றாகுமே தவிர என் குற்றத்துக்கு அல்ல. அவளை வேலையை விட்டு நீக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அப்படி நினைத்தது தங்கள் மனத்தின் தரத்தைக் காட்டுகிறது. இந்த வழக்கு மதிய உணவுக்கு முன்பே தள்ளுபடியாகும். இத்தகைய வழக்குகளில் நான் தோற்றதில்லை.

இதோடு தொடர்பில்லாத மற்றொன்றையும் பதிவு செய்ய வேண்டியுள்ளது. பிப்ரவரி 2, சனிக்கிழமை, தங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலைக் கலைக்கும் குழந்தை இயேசுவின் ஜெபம் நடக்கவிருப்பதை வில்பெர்த் சொல்லி அறிந்தேன். அழைப்பு நேரில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சொல்லப்பட வேண்டியது என்பது இவ்வூர் முறை. இச்சரிவில் இருபத்திரண்டு வீடுகள். இருபத்தொன்றுக்கு அழைப்பு வந்துள்ளது. மரத்தில் செதுக்கிய அந்தக் குழந்தை அம்மாவுடையது. குடிலின் தொட்டிலிலிருந்து அதை எடுக்கும்போது அதை ஏந்தும் துணியின் இரு முனைகளையும் தன் இரு பிள்ளைகளும் பிடிக்க வேண்டும் என்று சாகும் தறுவாயில் அம்மா சொன்னது தங்களுக்கு நினைவிருக்கும். நானும் அந்தக் கட்டிலருகே நின்றேன். சென்ற மூன்று ஆண்டுகளும் என்னை ஒதுக்கியதைப் பற்றி நான் எழுதியதில்லை. இவ்வாண்டும் ஒதுக்கியதை எழுதுகிறேன். சட்டத்தில் இதற்குப் பரிகாரம் இல்லை. ஆனால் ஊரிலுள்ள தச்சன், தறிகாரன், கிளி வளர்ப்பவன் வரை அழைத்துவிட்டு உடன்பிறந்தவனை மட்டும் விட்டுவிட்டவர், பழக்கவழக்கத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கத் தகுதியற்றவர்.

எ. உமான்யா


மேல்சரிவு
29 ஜனவரி

எலாதியோ,

சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு சொல்லாமலிருந்தால் மூச்சு முட்டிச் சாவேன்.

அதற்குத்தான் வந்தேன், முட்டாளே.

மூன்று ஆண்டுகள் கோபம்; வரவில்லை. அதை மறுக்கவில்லை. டிசம்பரில் எனக்கு எழுபது முடிந்தது. துணியின் இரண்டு முனைகளையும் நானே பிடித்துத் தூக்கித் தூக்கி அலுத்துவிட்டது. இவ்வாண்டு பட்டியல் எழுதும்போது முதல் வரியில் உன் வீட்டை எழுதினேன். மாதா கோயிலுக்குப் போகும்போது போடுகிற நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒன்பதாம் தேதி முதலில் உன் வேலிக்கு வந்தேன். அழைக்கப்படாமல் வந்தேன் என்று நீ எழுதினாயே, அது சரிதான். நான் அழைக்க வந்தவள்.

மற்ற இருபத்தொரு வீடுகளுக்கும் கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். ஒவ்வொரு வாசலிலும் "கைக்கு என்ன ஆச்சு?" என்றார்கள். "விழுந்துட்டேன்" என்றேன். வழக்குப் போடும் வரைக்கும் உன் பெயரை எங்கேயும் எடுக்கவில்லை.

நாய் பிடித்தபோது ஜெபமாலை அறுந்து மணிகள் உன் முற்றத்தில் கொட்டின. பொறுக்கினாயா? இல்லை, அவையும் அத்துமீறி நுழைந்தவையா?

இப்போது கேள். உன் மூன்று கடிதங்களையும் மறுபடி படித்தேன். அளந்திருக்கிறாய், எண்ணியிருக்கிறாய், வாழை மரத்தைக்கூடச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாய். 'எனக்குக் கேட்கவில்லை' என்று மட்டும் ஓரிடத்திலும் எழுதவில்லை. 'சான்று இல்லை' என்கிறாய், 'வைத்துக்கொண்டாலும்' என்கிறாய், சுற்றிச் சுற்றி வருகிறாய்.

உன் பேனா பொய் எழுதாது என்று ஊர் சொல்லும். அம்மாவும் சொல்வாள். ஆகவே என் நிபந்தனை இது. 'ஓதிலியா கூப்பிட்டது என் காதில் விழவில்லை' என்று எழுது. ஒரே வரி. உன் கையெழுத்து, உன் முத்திரை. அன்றைக்கே வழக்கைத் திரும்பப் பெறுகிறேன். நாயைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். வில்பெர்த்தின் கிளி மேல் சத்தியம்.

ஓதிலியா


30 ஜனவரி

அம்மையீர்,

கடிதம் கிடைத்தது. பதில் தயாராகிறது.

எ. உ.


31 ஜனவரி

ஒரு வரி எழுத இரண்டு நாளா? முப்பத்தாறு வருஷ வழக்கறிஞர்!

ஓ.


சான் ஹெர்வாசியோ மேடு
1 பிப்ரவரி 1991

ஓதிலியா உமான்யா கஸ்காந்தேவுக்கு, பிப்ரவரி 6 அன்று அவர் விரும்பினால் நீதிமன்றத்தில் தாக்கல் செய்துகொள்ளும் பொருட்டு:

1. இதை எழுதுபவன் எலாதியோ உமான்யா கஸ்காந்தே. வயது, தொழில் முன்பு கூறியபடி. ஓதிலியாவின் உடன்பிறந்த தம்பி. இவ்விவரம் தொடர்பற்றது என்று ஜனவரி 14 அன்று எழுதியது பிழை.

2. ஜனவரி 9 பிற்பகல் மூன்று மணிக்கு நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ரேடியோ பாடவில்லை.

3. முதல் முறை கூப்பிட்டது என் காதில் விழுந்தது. குரலையும் அறிந்துகொண்டேன். கோப்பை தட்டில் உரசிச் சத்தம் எழாதபடி அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

4. இரண்டாம் முறை கூப்பிட்டபோது நாய் எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தது. நான் 'வாங்க' என்றால் படுக்க வேண்டும், நான் பேசாதிருந்தால் நுழைபவரைப் பிடிக்க வேண்டும் என்று அதைப் பழக்கியவன் நான். அது காத்திருந்தது. மூன்றாம் முறையும் காதில் விழுந்தது. நாய் அப்போதும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வேலிக்கதவு திறக்கும் ஓசை கேட்டது. அப்போதும் நேரம் இருந்தது. ஒரு சொல் சொல்லப் போதுமான நேரம்.

5. நான் பேசாததற்குக் காரணம்: அது காப்பி நேரம். அந்நேரத்தில் கூப்பிடுபவருக்குப் பதில் சொன்னால் உட்கார வைக்க வேண்டும். உட்கார வைத்தால் காப்பி தர வேண்டும். ஓதிலியாவுக்குக் காப்பி தர நான் முடிவு செய்திருக்கவில்லை. பாதையைப் பற்றிச் சண்டையிட வந்திருக்கிறார், பதில் வராவிட்டால் திரும்பிப் போவார் என்று எண்ணினேன். இவ்வூரில் பிறந்தவர் அப்படித் திரும்பிப் போக மாட்டார் என்பதை அறிந்தே எண்ணினேன். இது காரணம், நியாயம் அல்ல.

6. எனவே என் சட்டக் கருத்து மாறுகிறது. எச்சரிக்கைப் பலகை, அழைப்பின்மை, முப்பத்தெட்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் ஆகிய எதற்கும் இங்கு எடை இல்லை. ஒரு சொல்லால் தடுக்கக் கூடியவன், வருபவர் யாரென்று தெரிந்தும் அச்சொல்லைச் சொல்லாதிருந்தால், கடித்தது அவன். 'அத்துமீறி நுழைந்தவர்' என்ற சொற்களை என் கடிதங்களிலிருந்து திரும்பப் பெறுகிறேன். தவறு என்னுடையது.

7. முத்திரை கேட்கப்பட்டது. தன் சொந்த விவகாரத்தில் ஒருவன் தனக்கே நோட்டரியாக இருக்க முடியாது. ஆகவே முத்திரை இல்லை. இரு சாட்சிகள் உள்ளனர். இதை எழுதி முடித்து அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மெலானியா நான்காம் பிரிவை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன்.

8. இது சமரசம் அல்ல. பாகப்பிரிவினைப் பத்திரம் சரியானது. 'வழித்திருடன்' என்ற சொல்லை நான் மறக்கவில்லை. அதற்குரிய மன்னிப்பு எனக்கு இன்னும் வரவேண்டியுள்ளது.

9. முற்றத்தில் பொறுக்கிய மணிகள் இத்துடன் ஒரு உறையில் உள்ளன. அன்று மாலையே பொறுக்கினேன். ஐம்பத்தொன்பதில் ஐம்பத்தேழு. மீதி இரண்டை இன்னும் தேடுகிறேன்.

10. அழைப்பு என் வாசலை அடையாதது என் செயலால் நேர்ந்தது. ஆகவே நாளைய ஜெபத்துக்கு என்னை அழைக்கப்பட்டவனாகக் கருதிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. நாளை பிற்பகல் மூன்று மணிக்கு, நாயை இல்லத்தில் கட்டிவைத்துவிட்டு, மேல்சரிவு வேலியருகே வந்து மூன்று முறை கூப்பிடுவேன். தாழ்ப்பாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே வர மாட்டேன். அக்கா பதில் சொன்னால் வருவேன். சொல்லாவிட்டால், கேட்டது என்பதை அறிந்தே திரும்பிப் போவேன்.

படித்துப் பார்த்து, அடித்தல் திருத்தல் ஏதுமின்றிக் கையெழுத்திட்டேன்.

எலாதியோ உமான்யா கஸ்காந்தே

சாட்சிகள்:
வில்பெர்த் அர்கேதாஸ் சோலிஸ், மளிகைக்கடை
மெலானியா தின்யார்த்தே, பழம் பறிப்பவர்